வாய்க்காலில் கிடந்த எருமை

எருமை செத்து மூன்று நாளாகியிருந்தது. வடிச்சல் வாய்க்காலின் மதகை அடைத்துக்கொண்டு, வயிறு ஊதி, கால்கள் விறைத்துக் கிடந்தது. வாவிக்கு இறங்க வேண்டிய மழைவெள்ளம் திரும்பி, வயல்வெளியான வட்டை முழுவதும் ஏறிவிட்டது. யுத்தத்தால் பர்மா அரிசி வருவது நின்றுபோன வருசம் அது. தமிழாக்களும் ஏறாவூர் முஸ்லிம்களான சோனகரும் அடுத்தடுத்து விதைத்திருந்த வயல்களில் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை.

வட்டைவிதானை கதிர்காமத்தம்பி வாய்க்கால் கட்டின் மேல் குடைபிடித்து நின்றார். மூக்கைப் பொத்தி லேஞ்சித் துணி. தண்ணீரைப் பங்கிடுவதும் வேலைக்கு ஆள் பிரிப்பதும் அவர் பொறுப்பு. "அது சோனகர்ட மாடு. அவங்களே இழுக்கட்டும். நம்மட ஆக்கள் தொடப்படாது" என்று முதல்நாளே சொல்லிவிட்டார். தமிழாக்களில் ஒருவனான யோகராசா அதை நம்பினான். கைகொடுக்கக் கேட்டு வந்த, அண்ணன் முறைவைத்து 'காக்கா' என்று அவன் அழைக்கும் பக்கத்து வயல் பதியுதீனிடம், "உங்கட நாத்தத்த நீங்களே அள்ளுங்க காக்கா" என்றும் சொல்லியனுப்பினான். ஏறாவூரிலிருந்து வந்த நாலைந்து பேரால் அதை அசைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் யோகராசா தன் வயலுக்குள் கையைவிட்டுப் பார்த்தான். பயிர் சளிபோல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. யாரையும் கேளாமல் வாய்க்காலில் இறங்கினான். அவனைப் பார்த்து இன்னும் சிலர் இறங்கினார்கள்.

பதியுதீன் தள்ளி நின்று இடம் விட்டார். தோளோடு தோள் இடிக்க இழுத்தார்கள். பிடித்த இடத்தில் தோல் மயிரோடு கழன்று கைக்குள் வந்தது. எருமை மெல்லப் புரண்டது. பின்தொடையில் சுட்ட குறி, ஊதிய தோலில் அகலமாக விரிந்து தெரிந்தது: ஒரு 'க', அதன் கீழே வேல்.

"விதானையார், இது உங்கட குறிதானே?" யோகராசா நிமிர்ந்து கேட்டான்.

"சரி சரி, கெதியாப் புதையுங்க. நாளைக்கு கவுண்மேந்து ஏசண்டர் துரை வயல் பாக்க வாறார். ரெண்டு பகுதியும் ஒண்டா நிண்டு வேலை செஞ்ச எண்டு நான் சொல்றன்."

யோகராசா மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் கரையிலேயே குழி தோண்டத் தொடங்கினான்.

புதைத்துவிட்டு யோகராசாவும் பதியுதீனும் கைகழுவ வாவிக்குள் இறங்கினார்கள்.

"மாடு செத்த அண்டைக்கே அவருக்குத் தெரியும் தம்பி. எங்களுக்கும் தெரியும்."

"மறுகா ஏன் காக்கா எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

யோகராசா தண்ணீருக்குள் குனிந்தான். கையைத் தேய்த்தான், முகர்ந்தான், மறுபடியும் தேய்த்தான். தோல் சிவந்தும் நாற்றம் போகவில்லை. திறந்த வாய்க்கால் அழுகிய பயிரைக் கொண்டுவந்து மஞ்சளாக அவர்களைச் சுற்றிப் பரப்பியது. பதியுதீன் குனிந்து, அடியிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி, தேய்ப்பதற்காக அவனுடைய விரித்த உள்ளங்கையில் வைத்தார்.