பாரந்தூக்கியில் மாட்டிய சூரியன்

என் இரண்டு கண்ணாணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பல்கலைக்கழக வளாகப் பரீட்சைகளை மேற்பார்வை செய்ய என்னைப் போன்ற ஓய்வுபெற்ற வாத்திமாரைக் கூப்பிடுவார்கள். அந்த நோன்பு மாதத்தில் இறுதியாண்டுப் பரீட்சை மாலை நான்கு மணியிலிருந்து ஏழு வரை. சூரியன் மறைவது ஆறு பதினெட்டுக்கு. மண்டபத்துக்குள் தண்ணீர்ப் போத்தல்கூட ஆகாது. இடையில் வெளியே போனால் விடைத்தாளை வாங்கிவிட வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து வரும் பஹ்மியா, நோன்பு திறக்கப் பத்து நிமிடம் கேட்டு மூன்று கடிதம் எழுதியிருந்தாள். பீடம் அவற்றைப் பரீட்சைக் கிளைக்கு அனுப்பியது. கிளை பீடத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டது. முந்திய பாடத்தில் பள்ளிவாசல் பாங்கு கேட்டதும் பாதியில் எழுந்து போனவள் அவள். இதையும் அப்படி விட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

பரீட்சைப் பொறுப்பாளர் சோமசேகரத்திடம் நானே போனேன். கெட்ட மனிதர் இல்லை, கதிரை காட்டி இருத்தினார்.

"எனக்கு விருப்பம்தான் மாஸ்டர். ஆனா பத்து நிமிஷம் குடுக்கிறதெண்டா செனட் கூடவேணும்."

செனட் கூடுவது பெருநாளுக்குப் பிறகு.

மண்டப உதவியாளர் முத்தலிப்பும் நோன்புகாரர். இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்ப சூரியனோட கதைக்கிறதுதான் லேசு" என்றார்.

ஆகவே துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் வேலாப்போடிக்குப் போனில் கோல் எடுத்தேன். ஆறு பத்துக்கு அவன் கொக்கியை நீட்டிச் சூரியனைக் கொழுவிப் பிடித்தான். நிறை பதினொரு தொன் காட்டியதாம். கோதுமைக் கப்பலில் இதைவிடப் பாரம் தூக்கியிருக்கிறானாம்.

ஆறு பதினெட்டு. பாங்கு சொல்லும் மோதினார் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மைக்கை நிறுத்தினார். ஊரெல்லாம் கஞ்சிக் கோப்பைகளில் ஆடை படிந்தது.

முத்தலிப் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெடித்திருந்தது. அவருடைய நோன்பையும் சேர்த்தல்லவா நாற்பத்திரண்டு நிமிடம் நீட்டிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொக்கியை விடச் சொல்லவா என்று கேட்டேன்.

"பிள்ளை எழுதட்டும் மாஸ்டர்" என்றார். ஆனாலும் வாசலில் வைத்த தண்ணீர்ப் போத்தலிலிருந்து அவர் கண் நகரவில்லை.

பஹ்மியா எழுதினாள். கடைசிப் பக்கத்தில் எழுத்துகள் சரிந்தன. ஜன்னல் பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை.

ஏழுக்கு மணி அடித்தேன். வேலாப்போடி கொக்கியைத் தளர்த்தினான். சூரியன் தொப்பென்று விழுந்ததில் மூன்று வள்ளங்கள் கவிழ்ந்தன. பாங்கு கேட்டது. முத்தலிப் தன்னிடமிருந்த ஒரே பேரீச்சம்பழத்தைக் கிள்ளி அவளுக்குப் பாதி கொடுத்தார். பரீட்சை ஒழுங்காக நடந்ததென்று சோமசேகரம் அறிக்கை எழுதினார்.

உண்மையில் அன்று ஆறு பதினெட்டுக்கு, பாங்கு கேட்டதும் எழுந்து வந்த பஹ்மியாவின் விடைத்தாளைக் கைநீட்டி வாங்கியவன் நான். அந்தப் பாடத்தை அவள் அடுத்த வருடம் திரும்ப எழுதினாள்.