ட்ரம்ஸ் வைத்த கல்

"இது பிழை மச்சான். சுத்தப் பிழை. எடிட் பண்ணினவன் நித்திரையில செய்த வேலை" என்று சனூன் கணினித் திரையை விரலால் தட்டினான்.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் கைத்தொலைபேசி திருத்தும் கடை அவனுடையது. கொண்டல் இசைக்குழுவின் புதுப் பாட்டு வீடியோ அன்று காலைதான் வந்திருந்தது. கொழும்பில் நாலு தமிழ்ப் பெடியன்கள் நடத்துகிற ராக் குழு அது. இந்த முறை மன்னார்க் கரையில் வந்து படம்பிடித்துப் போனார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து றெனால்ட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓட்டோவை வேப்பமர நிழலில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகவென்று கேட்டவரை வேறு ஓட்டோவில் ஏற்றிவிட்டு, ஓடி வந்திருந்தான். கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கிறவன் அவன். பக்கத்துக் கடையில் போட்டோக்கொப்பி எடுக்கும் டிலோஜினியும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"முதல்ல ட்ரம்ஸ்காரன் சப்பாத்தோட கல்லில நிண்டு அடிக்கிறான். கொஞ்சத்தால பார்த்தா வெறுங்கால். ட்ரம்ஸும் மணலுக்கு இறங்கீற்று. அதே வெயில், அதே சேட்டு. சப்பாத்து மட்டும் எங்க போச்சு? கழுதை கொண்டு போட்டுதா?"

"உங்களுக்குக் காலைத்தான் பார்க்கத் தெரியும் நானா" என்று டிலோஜினி சிரித்தாள். "அந்தக் குரலைக் கேட்டனீங்களா?"

"குரலா? தொண்டைக்க மீன்முள்ளுச் சிக்கினவன் மாதிரிக் கத்துறான்."

"டேய், அது ஸ்டைல்" என்றான் றெனால்ட். கொண்டலைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னால் தன் வீட்டுப் பிள்ளையைச் சொன்னதுபோல் அவனுக்குச் சுடும். "முதல்ல இருந்து மெதுவாய் விடு. நான் காட்டுறன்."

சனூன் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டான். தலையில்லாத ஒரு பனை, இடிந்த தண்ணீர்த் தாங்கி, கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை மணல். மணலில் சற்றே மேடாகத் தெரிந்த ஒரு சீமெந்துக் கல்லின் மேல் ட்ரம்ஸ். கமெரா மெல்லக் கீழே இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் கல்லின் மேல் கிடந்த மணல் துள்ளியது; துள்ளித் துள்ளி ஒதுங்கியது.

"இந்த இடம்தான் சூப்பர்" என்றாள் டிலோஜினி. "மணல் ஆடுறதைப் பாருங்கோ."

றெனால்ட் பார்த்தான். ஒதுங்கிய மணலுக்குள்ளிருந்து வெள்ளைச் சோகிகள், கடற்சோழிகள், ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. சீமெந்தில் பதித்த சோகிகளாலான ஒரு சிலுவை. அதன் இடது கை குட்டை.

"நிப்பாட்டு" என்றான். கையை நீட்டித் திரையைப் பொத்தினான்.

அந்தச் சோகிகளை அவன்தான் பதித்தான். இலுப்பைக்கடவைக்குப் போகிற வழியிலுள்ள தங்கள் ஊரில், பாதை பூட்டியிருந்த காலத்தில், காய்ச்சல் கண்ட தன் கைக்குழந்தை கிறேஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வழியில்லாமல் போயிற்று. கடலோரச் சேமக்காலையில் அவளை அடக்கம் செய்து, கல் வார்த்து, ஈரச் சீமெந்தில் சோகி பதித்துக்கொண்டு வரும்போது ஷெல் விழத் தொடங்கியது. இடது கையை முடிக்கக் கிடைக்கவில்லை. படகேறி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது சேமக்காலையைக் காணவில்லை. சிலுவைகள் விழுந்து, மதில் சரிந்து, மணல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. ஆத்துமாக்கள் திருநாளுக்கு மற்றவர்கள் தங்கள் ஆட்களின் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்த, அவனும் மனைவி பெற்றிசியாவும் பங்குக் கோயிலின் பொதுச் சிலுவைக்குக் கீழே கொளுத்திவிட்டு வருவார்கள்.

விக்கி விக்கி இதை அவன் சொல்லி முடித்தபோது, "இன்னாலில்லாஹி" என்று சனூன் கதிரையில் இருந்துவிட்டான்.

டிலோஜினிக்கு முகம் சிவந்தது. "பிள்ளையின்ர கல்லறைக்கு மேல ஏறி நிண்டு ஆடியிருக்கிறாங்கள்! இப்பவே வீடியோவுக்குக் கீழ எழுதுறன், உலகம் முழுக்கப் பார்க்கட்டும்."

றெனால்ட்டுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தத் தாளத்துக்குச் சற்று முன்னால் தானும் கால் தட்டினோமே என்பது மட்டும் நெஞ்சில் நின்றது. இதைப் பெற்றிசியா பார்த்தால்? காட்டாமல் விட்டால், பிள்ளை கிடக்கிற இடத்தை அவளுக்கு மறைத்ததாகாதா?

சனூன் சத்தத்தை அணைத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பவும் ஓட்டினான். மணல் ஒதுங்குகிறது. சோகிகள் தெரிகின்றன. படம் சட்டென்று வெட்டுப்படுகிறது. அடுத்தது வெறுங்கால், மணலில் இறங்கிய ட்ரம்ஸ், தூரத்தில் தனியே அந்தக் கல்.

"மச்சான்" என்றான் மெதுவாக. "நான் பிழை எண்டனே, அந்தச் சப்பாத்து..."

"வசதிக்குக் கழட்டியிருப்பான்" என்ற டிலோஜினி, சொன்ன கையோடு நின்றுவிட்டாள். நடுப்பகல் மணல் எப்படிக் கொதிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தட்டிக்கொண்டிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். "சுடுமணலில ஆர் நானா சப்பாத்தைக் கழட்டுறது?"

பனையையும் தாங்கியையும் சனூன் தன் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டான். பிறகு கடையின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினான். "நீ போய்ப் பெற்றிசியாத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா. நாங்கள் மோட்டார் சைக்கிளில பின்னால வாறம்."

பெற்றிசியா முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "இஞ்ச வாரும், கொஞ்சம் இரும்" என்று அவன் சொன்ன விதத்திலேயே அவள் கை நின்றுவிட்டது. வழியெல்லாம் யோசித்து வைத்த பூச்சுச் சொற்கள் ஒன்றும் அவனுக்கு உதவவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னான். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"ஏறி நிண்டவங்களோ?"

"ஓம். தெரியாமல். தெரிஞ்ச உடன இறங்கீற்றாங்கள் போல கிடக்கு."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து ஓட்டோவில் ஏறினாள்.

பனையும் தாங்கியும் வீடியோவில் கண்டபடியே நின்றன. கல்லைத்தான் காணவில்லை, கச்சான் காற்று அதைத் திரும்பவும் மூடியிருந்தது. நான்கு பேரும் முழங்காலில் நின்று கையாலேயே மணலை வழித்தார்கள். அங்கே ஒரு கல் தட்டுப்பட்டது, வேறு யாருடையதோ. டிலோஜினி அதையும் துடைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி, சனூனின் கை எதிலோ முட்டியது. தடவிப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டு, பெற்றிசியாவுக்கு இடம் விட்டு எழுந்து நின்றான்.

அவள் மெல்ல மெல்ல வழித்தாள். சோகிகள் தெரியத் தெரியக் காற்று அவற்றின் மேல் மணலைக் கொண்டுவந்து போட்டது. வழித்தாள், போட்டது. றெனால்ட் உதவக் குனிந்தபோது வேண்டாமென்று கையைக் காட்டினாள். பிறகு எழுந்து கல்லின் மறுபக்கம் போய், காற்றுக்கு முதுகைக் கொடுத்து, சட்டை விளிம்பை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். மணல் இப்போது அவள் முதுகிலும் தலைமயிரிலும் வந்து விழுந்துகொண்டிருந்தது.