பிளேட்லெட் பத்தொன்பதாயிரம்

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் ஷட்டர் ஆறரைக்கு ஏறும். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஏழு மணிக்கே வரிசை கட்டிவிடுவார்கள் என்பதால், அதற்குள் ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரத்தைச் சரிபார்த்து முடிக்க வேண்டும். கம்பெனி அனுப்பும் சோதனைத் திரவத்தை ஓட்டிப் பார்த்தாலே போதும். ஆனால் அங்கே டெக்னீஷியனாக இருக்கும் அவள், திங்கட்கிழமைகளில் தன் ரத்தத்தையும் ஓட்டுவாள். பதிவு மேசையில் இருப்பவள் ரப்பர் பட்டையைக் கட்டிவிட, இடது கையிலிருந்து தானே இரண்டு மில்லி எடுத்து ஊதா மூடிக் குழாயில் விடுவாள்.

பதினோரு வருடமாக அந்த எண்கள் பெரிதாக அசைந்ததில்லை. ஹீமோகுளோபின் பன்னிரண்டரையைத் தாண்டி, வெள்ளை அணுக்கள் ஆறாயிரத்துச் சொச்சம், பிளேட்லெட் இரண்டேகால் லட்சம். இயந்திரம் வேறு எதையாவது சொன்னால் கோளாறு இயந்திரத்துக்குத்தான் என்று எண்ணி மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அங்கே அவளுக்குப் பெயரே நார்மல் என்று ஆகிவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை காகிதத்தில் பிளேட்லெட் இருபத்திரண்டாயிரம் என்று வந்தது.

"என்ன நார்மலக்கா, மூஞ்சியே சரியில்ல?" என்றாள் மேசைக்காரி.

"பிளேட்லெட் இருபத்திரண்டு."

"ரெண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரமா?"

"வெறும் இருபத்திரண்டாயிரம்."

"மிஷினுக்கு இன்னும் தூக்கம் கலையல போல. ரெண்டு தட்டு தட்டுங்க."

தட்டவில்லை. சோதனைத் திரவத்தை மறுபடி ஓட்டினாள், சரியாக இருந்தது. அடுத்து வந்த ஏழு பேருடைய ரத்தமும் சரியாகவே வந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத் தன் குழாயை மீண்டும் வைத்தாள். பத்தொன்பதாயிரம். அவள் விஷயத்தில் மட்டும் இயந்திரம் பொய் சொல்லுமா?

ரத்தம் எடுக்கும் அறைக்குள் போய், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளை எத்தனையோ பேரிடம் கொடுத்திருக்கிறாள். டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர்கள் போவதைப் பார்த்திருக்கிறாள். எலும்பு மஜ்ஜையில் என்னென்ன கெட்டுப்போனால் இந்த எண் வரும் என்ற பட்டியல் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் அப்போது நினைவுக்கு வந்தது அது இல்லை; ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கொடுக்கிற படிவம். அதில் 'உடன் இருப்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பித்தப்பைக் கல்லை எடுத்தபோது அதில் மேசைக்காரியின் பெயரை எழுதினாள். 'உறவு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

தம்பி இருக்கிறான். ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால் போய்ச் சேரக்கூடிய ஊரில், குடும்பத்தோடு. மாதம் ஒருமுறை கடைக்கு நடந்துபோகும் வழியில் கூப்பிடுவான். கடை வந்ததும் வைத்துவிடுவான். அவன் கடைசியாக இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது அவளே அவனை ஃபோனில் கூப்பிட்டாள்.

"ஆபீஸ் கிளம்பிட்டிருக்கேன்க்கா, சொல்லு."

சொன்னாள்.

"அப்படின்னா என்ன? சர்க்கரை மாதிரியா?"

"ரத்தத்துல மூணு வகை இருக்குடா. சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும். வெள்ளையணு கிருமியோட சண்டை போடும். இது மூணாவது. எங்கயாவது ஓட்டை விழுந்தா ஓடி வந்து அடைக்கிறது. ஒன்றரை லட்சமாவது இருக்கணும். எனக்குப் பத்தொன்பதாயிரம் இருக்கு."

"இப்போ ஓட்டை விழுந்தா?"

"சட்டுனு அடைக்காது."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து எதன்மேலோ விழும் சத்தம் கேட்டது. "நான் வரேன். ராத்திரி வண்டி கிடைச்சா அதுலயே ஏறிடறேன். நீ எதுலயும் இடிச்சுக்காம உக்காரு. புரியுதா?"

ஃபோனை வைத்த பிறகு அவளுக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது; ஆனால் அதன் கூடவே, பெட்டி மேல் கிடக்கும் இரண்டாவது மெத்தையை வெயிலில் போட வேண்டும் என்ற நினைப்பும் வந்தது. தலையணை உறை ஒன்றுதான் நல்லதாக இருக்கிறது. வழியில் இன்னொன்று வாங்கிவிடலாம். அவனுக்குக் காபியில் சர்க்கரை கூடவா குறையவா என்பதே மறந்துவிட்டது.

மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "சிலைடு என்ன சொல்லுது?"

"போடல."

"போடலையா? ஒரு லட்சத்துக்குக் கீழ வந்தா கண்ணால பாக்காம வெளிய சொல்லக்கூடாதுன்னு செவுத்துல எழுதி ஒட்டினது யாரு, நானா?"

பதினோரு வருடத்தில் யாருக்கும் அவள் செய்யாத தவறு அது. தனக்கென்று வந்தபோது எண்ணைப் பார்த்தவுடன் ஃபோனை எடுத்திருக்கிறாள். காலையில் ஊசி குத்திய இடத்தில் ஒரு நிமிடத்துக்குள் ரத்தம் நின்றுபோனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பூசி, காயவைத்து, சாயம் ஊற்றிக் கழுவினாள். நுண்ணோக்கியில் முதலில் தெரிந்தவை சிவப்பணுக்கள், நடுவில் வெளிறிய வட்டங்களாக. அங்கங்கே மூன்று துண்டாகப் பிரிந்த கரு உள்ள வெள்ளையணுக்கள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பிளேட்லெட்டுகளைத்தான் காணவில்லை. தகட்டை மெல்ல நகர்த்தி, பூச்சு மெலிந்து முடிகிற ஓரத்துக்கு வந்தாள். அங்கே இருந்தன. தனித்தனியாகச் சிதறிக் கிடக்க வேண்டிய ஊதாத் துகள்கள் இருபதும் முப்பதுமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குவியலாகக் கிடந்தன.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து உண்டு. அது சிலருடைய பிளேட்லெட்டுகளை ஒட்டவைத்துவிடும். ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பிறகு திடீரென்றுகூட இது தொடங்கலாம். அவளுக்கு மூன்று வாரத்துக்கு முன் காய்ச்சல் வந்து போயிருந்தது. குவியலை இயந்திரத்தால் எண்ண முடியாது. நேரம் ஆக ஆகக் குவியல் பெருகும், எண் இறங்கும்.

நீல மூடிக் குழாயில் இருப்பது வேறு மருந்து. அதில் புதிதாக எடுத்து உடனே ஓட்டினாள். இரண்டு லட்சத்து நாலாயிரம். குழாயிலிருக்கும் திரவம் ரத்தத்தை நீர்த்துவிடுவதற்காகப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால், பழைய இரண்டேகால் லட்சத்தைத் தொட்டுவிடும்.

"அப்பாடா" என்றாள் மேசைக்காரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பிகிட்ட இப்போ சொல்லாதீங்க. வந்ததும் சொல்லிக்கலாம். வர்றவர் வரட்டுமே."

அவள் நீலக் குழாயைத் தாங்கியில் செருகினாள். அவன் வந்து இறங்குவதையும், வாசலில் அவள் முகத்தை உற்றுப் பார்ப்பதையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். பிறகு, தப்பென்று தெரிந்த எண்ணை யாருக்கும் கொடுத்ததில்லை என்ற பிடிவாதம் அவளை ஃபோனை எடுக்கவைத்தது.

"தம்பி, டிக்கெட் போட்டுட்டியா?"

"போட்டாச்சு. ஆபீஸ்லயும் மூணு நாள் சொல்லிட்டேன். எப்படி இருக்கே?"

"எனக்கு ஒண்ணுமில்லடா. எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, மிஷின் எண்ணாம விட்டிருக்கு. நானும் பாக்காம உன்னைக் கூப்பிட்டுட்டேன்."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

நீளமாக மூச்சு விட்டுச் சிரித்தான். "உயிரை வாங்கிட்டியேக்கா. அப்போ டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவா?"

'உன் சௌகரியம்' என்றுதான் அவள் வழக்கமாகச் சொல்வாள். அவளுக்குத் தெரிந்து ஆறு வருடமாக அதைத்தான் சொல்லிவருகிறாள்.

"வேணாம். வா."

"அதான் ஒண்ணுமில்லங்கறியே."

"ஒண்ணுமில்லாதப்பயும் வரலாம்ல."

பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வந்து மூணு நாள் என்னக்கா பண்றது?"

"தெரியல. சாப்பிடு. தூங்கு. நான் மதியம் ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவேன்."

"பாத்துட்டுச் சொல்றேன்."

பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே பத்தொன்பதாயிரத்தைக் குறுக்கே அடித்து, சரியான எண்ணை எழுதி, காரணத்தையும் எழுதினாள். இரண்டு மணிக்குக் கையுறையைக் கழற்றும்போது செய்தி வந்தது. கேன்சல் பண்ணிட்டேன்க்கா. ஆபீஸ்ல வேலை சேர்ந்துபோச்சு. அடுத்த மாசம் கண்டிப்பா வரேன்.

'சரி' என்று தட்டினாள். அனுப்பவில்லை. மேசைக்காரி பையை மாட்டிக்கொண்டு, வர்றீங்களா என்று தலையாட்டினாள். நீ போ என்று இவளும் கையசைத்தாள். காத்திருப்போர் நாற்காலிகளில் யாரும் இல்லை. 'சரி'யை அழித்துவிட்டு, எந்தத் தேதி என்று எழுதி அனுப்பினாள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஃபோனை மடியில் திரை தெரியும்படி வைத்துக்கொண்டாள்.