ஆணியில் தொங்கிய டோக்கன்

என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. அதனால் எங்கள் வீட்டில் அந்த இலாகா முழுக்க என் பொறுப்பு.

அன்று மாலை அவள் தம்பி வீட்டுக்குப் போவதாக இருந்தோம். அவள் வேலை பார்க்கும் ஐஸ்கிரீம் கம்பெனி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன். காத்திருப்பது என் ரத்தத்திலேயே கிடையாது. ஓடி வந்து ஏறினாள். பாதி வழியில் என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"வண்டியத் திருப்புங்க. ஒட்டகத்தோட டோக்கன் ஆணியில தொங்குச்சு."

ஒட்டகம் அங்கே பெட்டி அடுக்குகிறவன். ஆள் உயரம், கழுத்து அதைவிட உயரம். குளிர் அறைக்குள் போகிறவர்கள் கதவருகே இருக்கும் ஆணியில் தங்கள் டோக்கனை மாட்ட வேண்டும், வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். ஆணி காலியானால்தான் என் மனைவி கதவைப் பூட்டலாம். சட்டம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. விரல் மரத்துப்போய் வெளியே வருகிறவன் கையை அக்குளில் செருகிக்கொண்டு ஓடுவானா, டோக்கனைத் தேடுவானா? பாதி நாள் அது அங்கேயே தொங்கும். ஆகவே அவள் உள்ளே தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் பூட்டுவாள்.

"இன்னைக்குச் சத்தம் போட்டியா?"

"இல்ல."

உள்ளிருந்து திறக்கிற கைப்பிடி உடைந்து கிடப்பது எனக்கும் தெரியும். மெக்கானிக் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிப்பதை அவள் தினமும் சொல்லிப் புலம்புவாள். வண்டியைத் திருப்பினேன். அவள் ஒட்டகத்தின் போனுக்கு அடித்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டாள்.

"அவன் போன் லாக்கருக்குள்ள அடிக்குதும்மா. ஆளைக் காணோம். சாவி உங்ககிட்டல்ல இருக்கு?"

சாவி அவள் கைப்பையில்தான் இருந்தது. சிக்னலில் நின்றபோது இறங்கி ஓடிவிடுவாள் போலிருந்தது. என் இலாகாவைத் திறந்தேன்.

"நான் ஹாரன் அடிச்சதுலதானே அவசரப்பட்ட? தப்பு என்மேலன்னு வெச்சுக்கோ."

"ஹாரன் நீங்க அடிச்சீங்க. சாவியத் திருப்பினது யாரு?"

"மறந்துட்ட. யாருக்குத்தான் மறதி இல்ல?"

"மறக்கல."

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லாரி கத்தியது. அவள் என் காதருகே சொன்னாள்.

"காலையில எல்லார் முன்னாடியும் போலீஸ் அக்கான்னு கிண்டல் பண்ணினான். சாயங்காலம் அவன் டோக்கனப் பாத்தேன். கூப்பிட வாயெடுத்தேன். உள்ள இருந்தா கொஞ்ச நேரம் நடுங்கட்டுமேன்னு தோணிச்சு. பூட்டிட்டேன். உடனே திறந்துடலாம்னுதான் இருந்தேன். நீங்க கூப்பிட்டீங்க, வந்துட்டேன்."

ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன். பூட்டிய அறையை நினைத்தா, முதுகுக்குப் பின்னால் இருப்பவளை நினைத்தா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தரையில் ஊரும் எறும்பைச் சுற்றிக்கொண்டு நடக்கிறவள் அவள்.

குளிர் அறை வாசலில் அவள் அவசரத்துக்குச் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. நான் வாங்கப் போனேன். பிடுங்கிக்கொண்டாள்.

"நான்தான் திறக்கணும்."

கதவு திறந்ததும் வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. பெட்டி வரிசைகளுக்கு நடுவே அவன் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். ஒருவரும் இல்லை.

"என்னக்கா, போனவங்க திரும்பி ரெய்டு வர்றீங்க?"

வாசலில் ஒட்டகம், கையில் சீட்டுக்கட்டோடு. பின்பக்கம் லாரி டிரைவரோடு சீட்டாடிக்கொண்டிருந்தானாம். அந்த நீளக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழலாம் போலிருந்தது.

"டோக்கனக் கழட்ட மறந்துட்டேன். ஜெயிலா, போலீஸ் அக்கா?"

நான் தேவைக்கு அதிகமாகவே சிரித்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கண்ணைக் காட்டினேன். வாயை மூடிக்கொண்டு வந்தால் போதும், ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"டோக்கனப் பாத்துட்டுத்தான் பூட்டினேன். நீ உள்ள இருந்தாலும் இருக்கட்டும்னுதான் பூட்டினேன்."

அவன் முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷம் இலாகாவை நடத்தியவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்கூட வரவில்லை.

"விளையாட்டுக்குத்தானேக்கா சொன்னேன்," என்றான்.

"தெரியும்."

ஆணியிலிருந்து டோக்கனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வழியெல்லாம் நான் அவளைத் திட்டினேன். நடக்காத ஒன்றுக்கு யாராவது வலியப் போய் மாட்டிக்கொள்வார்களா என்று கேட்டேன். பூட்டியது நடந்ததுதானே என்றாள்.

மறுநாள் மெக்கானிக்கைக் கையோடு இழுத்து வந்து கைப்பிடியைச் சரிசெய்ய வைத்திருக்கிறாள். மாலையில் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒட்டகம் வந்து கைய நீட்டினான். சாவியக் குடுங்க, வெளிய வந்ததும் தர்றேன்னான்."

"குடுத்தியா?"

"குடுத்தேன். அவன் கேட்டது நியாயந்தானே?"

"அப்புறம் என்ன? முடிஞ்சுது விடு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு யாருமே அக்கான்னு கூப்பிடல. மேடம்னு கூப்பிட்டாங்க," என்றாள்.