கைதட்டினால் வெளியே

வியன்னாவில் புது இசை பிடிக்காதவர்கள் வெறுமனே எழுந்து போவதில்லை. பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, அதன் குழலில் வாய் வைத்து ஊதுவார்கள். ஒட்டோகர் வானெக்கின் முதல் படைப்பு அரங்கேறிய அன்று பாதி மண்டபம் ஊதியது. அதில் சுத்தமாக ஊதியவர் அவனுடைய அப்பா வென்செல். ராணுவ பேண்டு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனை அவமானப்படுத்தும்போதும் சுருதி பிசக மாட்டார்.

அந்தத் தொல்லைக்குப் பயந்தே நாங்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தோம். அழைத்தவர்கள் மட்டும் வரலாம். கைதட்டக் கூடாது, ஊதக் கூடாது. ஒரே படைப்பை இரண்டு முறை வாசிப்போம். எழுதியவர் பெயரைக் கடைசியில்தான் சொல்வோம். மீறுகிறவர்களை வெளியே அனுப்புவது வாசல் பொறுப்பாளரின் வேலை. அது ஒட்டோகரிடம் இருந்தது. விதிகளை எழுதியவனும் அவன்தான். சாவி ஊதல் வாங்கியவன் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்? இதைப் பெரிய புரட்சி என்று வயோலா வாசிக்கும் நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பயந்தவர்கள் கட்டிய வேலி, அவ்வளவுதான்.

முதல் உலகப் போர் முடிந்து மூன்றாவது குளிர்காலம். நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஒட்டோகர் புதிதாக எழுதிய நால்வர் இசையை நாங்கள் வாசிக்கவிருந்த அன்று, அவன் சட்டைப்பையில் ஆபரெட்டா என்ற கேளிக்கை இசைநாடகம் போடும் ஓர் அரங்கின் வேலை ஒப்பந்தம் இருந்தது.

"நாளைக்குக் காலையில கையெழுத்துப் போடணும், ரோஸ்னர்," என்று என்னிடம் சொன்னான். "போட்டா வருஷம் பூரா வால்ட்ஸ் நடன மெட்டுதான். சொந்தமா எழுத நேரமே இருக்காது."

"அப்ப போடாதே."

"இன்னிக்கு அப்பா வர்றார். யாரோடதுன்னு தெரியாம கேட்கட்டும். பாதியில எழுந்து போனார்னா போட்டுடறேன்."

நரை விழ ஆரம்பித்த ஆள், அப்பாவின் காதில் தன் தலையெழுத்தைக் கொண்டுபோய் வைக்கிறான். எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்பா இசைக்காக வரவில்லை. எங்கள் உறுப்பினர் ஒருவர் நிலக்கரி வியாபாரி என்பதால் கூடத்தில் அடுப்பு எரிந்தது. வென்செலின் வீட்டில் எரியவில்லை. அடுப்பை ஒட்டிய நாற்காலியில் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

முதல் முறை வாசித்து முடித்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"யாருய்யா எழுதினது?"

"சொல்லக் கூடாதுங்க, பேண்டு மாஸ்டர் ஐயா."

"மெதுவா போற இடத்துல நீ தனியா ஒண்ணு வாசிச்சியே. அது உன் தப்பா, அவன் எழுதினதா?"

"எழுதினதுதாங்க."

உறுமிவிட்டுத் திரும்பினார். வாசலில் ஒட்டோகர் முகம் வெளிறி நின்றான். ஆனால் அவர் கோட்டுப் பொத்தானைப் போடவில்லை. மறுபடியும் அடுப்போரம் போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் முறையும் முடிந்தது. விதிப்படி கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் கைதட்டல் கேட்டது. வென்செல் தட்டிக்கொண்டிருந்தார். தலைகள் எல்லாம் முதலில் அவர் பக்கமும் பிறகு வாசல் பக்கமும் திரும்பின. ஒட்டோகர் நடந்து வந்தான்.

"அப்பா, எழுந்திருங்க. கைதட்டினா வெளியே போகணும்."

"நல்லா இருந்துச்சு, தட்டினேன். அதுக்குமாடா துரத்துவீங்க?"

"விதிப்பா."

"விதியாம், விதி! யாரு எழுதினதுன்னாவது சொல்லு, போறேன்."

சொல்லித் தொலையேண்டா என்று என் மனம் கத்தியது. சொன்னால் அந்தக் கைதட்டல் கெட்டுப்போய்விடும் என்று பயந்தானோ என்னவோ, தொப்பியை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"வாசல்ல நிக்கத்தான் நீ லாயக்கு. உள்ளே வாசிக்கிறதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளு. கத்துக்குவே."

"சரிப்பா."

அவர் படியிறங்கும்போது விசில் அடித்தார். கையில் சாவி இல்லை. நான் தனியாக வாசித்த அதே வரி. ஓரிடத்தில் ஒரு ஸ்வரத்தை மட்டும் மாற்றி அடித்தார். சத்தம் தெருவில் கரையும்வரை ஒட்டோகர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றான். உள்ளே செயலாளர் அவன் பெயரை அறிவித்தார். அடுப்போர நாற்காலி காலியாகக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை, ஆபரெட்டா அரங்கில் கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில், ஒட்டோகர் மைப்புட்டியோடு என் வீட்டு வாசலில் நின்றான்.

"உன் இசைத்தாளைக் கொண்டா. ஒரு ஸ்வரத்தை மாத்தணும்," என்றான். "அப்பா அடிச்சதுதான் சரி."