இரும்புச் சட்டி மேல் ஒரு வழக்கு

என் அண்ணனுக்குக் கறி என்றால் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தாலும் "இது இன்னும் உயிரோட இருக்கு" என்று தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒருமுறை சமையலறைப் புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டியே வந்து நின்றது. "இன்னொரு பக்கமும் ஆகட்டும், அப்புறம் தண்ணி அடிங்க" என்று அவர்களை உட்கார வைத்தார். வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அண்ணியின் அதே இரும்புச் சட்டியில் தின்று வளர்ந்தவன்தான் நானும்.

அப்படிப்பட்டவருக்குப் புற்றுநோய் என்று ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் அப்பாவைக் கொண்டுபோனதும் அதே நோய்தான். அண்ணன் மயக்கம் தெளிவதற்குள் அண்ணிக்கும் எனக்கும் வழக்கு முற்றிவிட்டது.

"எல்லாம் உங்க வம்சத்து ரத்தம், கொழுந்தனாரே."

"ரத்தம் என்ன பண்ணும் அண்ணி? உங்க இரும்புச் சட்டியில போட்டு எடுத்தா கருங்கல்லுக்கே நோய் வரும்."

தீர்ப்புக்கு டாக்டரம்மாவிடம் போனோம்.

"கருகின கறியில சில கெட்ட ரசாயனங்கள் உண்டாகுது. சிலரோட மரபணு அமைப்புக்கு அது அதிகமா கெடுதல் பண்ணலாம். ரெண்டும் சேர்ந்தா ஆபத்து கூடும்னு சில ஆராய்ச்சி சொல்லுது. இவருக்கு எதனால வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது."

"அப்ப யார் மேல தப்பு?" என்றோம், இருவரும் ஒரே மூச்சில்.

"யார் மேலயும் இல்லம்மா."

இதைக் கேட்கவா அத்தனை நேரம் அந்த வழுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்? கேட்டது ஒரு கேள்வி. கிடைத்தது இரண்டு அரைப் பதில்கள். ஒட்டிப் பார்த்தாலும் முழுசாகவில்லை.

"ஐயா, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்திருக்கு. நீங்களும் ரத்தம் குடுத்து, ஸ்கேன் எடுத்துக்கங்க" என்றார் டாக்டரம்மா.

முடியாது என்றேன். என் ரத்தத்தில் அந்த மரபணு அமைப்பு இருந்து தொலைத்தால் அண்ணி ஜெயித்துவிடுவாரே!

வார்டுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும், மயக்கம் தெளிந்திருந்த அண்ணன் கட்டிலிலிருந்து முனகினார். "டேய், நான் ஒரு கிட்னியக் குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். உனக்கு ஒரு ஊசியோட போகுது. வீம்புக்கு உசுர விடாத, கழுதை."

போனேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் மட்டும் அது இருந்தது. "எனக்கு வருமா, வராதா?" என்றேன். "சொல்ல முடியாது. வருஷா வருஷம் வந்து பாருங்க" என்றார்கள். வானிலை அறிக்கை வாசிப்பவருக்குக்கூட இதைவிடத் துணிச்சல் உண்டு.

அண்ணியின் வெற்றி முழக்கத்துக்குக் காதைத் தயார் செய்துகொண்டுதான் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தட்டில் வெளிறிப்போன வேகவைத்த கறி விழுந்தது.

"சட்டி எங்க அண்ணி?"

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்."

"வம்சம்தான் காரணம்னு நீங்கதான் ஜெயிச்சீங்களே. அப்புறம் சட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

அண்ணி குழம்பை ஊற்றியபடியே சொன்னார். "வம்சத்த எந்தக் கடையிலயும் எடுத்துக்க மாட்டேங்கறாங்களே."

அண்ணன் ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தார். "இது இன்னும் உயிரோட இருக்கு."

"நீங்களும்தான் இருக்கீங்க. பேசாம சாப்பிடுங்க" என்றார் அண்ணி.