கடல் பார்த்த பஸ்

வெள்ளைத்திட்டுக்கு முதல் பஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எரிய வைக்க ஆள் இருந்தால்தானே? மொத்த ஊரும் ரோட்டில் நின்றது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, இரண்டுக்கும் நடுவே, ஆந்திரா பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் தமிழ் ஊர் இது. போன மாதம்தான் ஏரிக்குள் மண்ணைக் கொட்டி, மேலே தார் போட்டு, ஊரைக் கரையோடு சேர்த்திருந்தார்கள்.

அதற்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரும். முதலில் பாய்ப்படகு. காற்று வைத்ததுதான் டைம். ஊர்ப் பெரியவர் நாகையாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண்ணோடு கிளம்பிய படகு நடு ஏரியில் காற்றில்லாமல் நின்றுபோக, அங்கேயே படகிலேயே தாலி கட்டிவிட்டு, சாப்பாட்டுக்குத்தான் கரை ஏறினார்கள். பிறகு டீசல் படகு வந்தது. கோடையில் ஏரி வற்றினால் அதுவும் சேற்றில் படுத்துக்கொள்ளும். பிறகு பைக்குகள் வந்தன. அவற்றையும் படகில்தான் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வந்த பைக்குக்கு ஊரில் இருந்தது ஒரே தெரு. அதில் போவதும் வருவதுமாகப் பையன்கள் பெட்ரோலைக் கரைத்தார்கள்.

பஸ்ஸுக்காக மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள் என்றால், சிவசங்கரி தவமே கிடந்தாள். அவளுக்கு ஏரிக்கு அக்கரையில், ஸ்ரீசிட்டியில், செல்போன் கம்பெனியில் வேலை. காலை ஷிப்டுக்குப் படகு பிடித்துப் போய்ச் சேர முடியாது. அதனால் தடாவில் ஹாஸ்டல், வாரத்துக்கு ஒருநாள் வீடு. மகள் ரக்ஷிதாவுக்கு மூன்று வயது. புருஷன் கோபிகிருஷ்ணன்தான் கடலுக்கும் போய்க்கொண்டு, குழந்தையையும் பார்த்துக்கொண்டிருந்தான். போன ஞாயிறு சிவசங்கரி வாசலில் நுழைந்ததும் அந்தக் குட்டி பாயை இழுத்துப் போட்டு, "வாங்க, உக்காருங்க" என்றது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்படிச் சொல்லணும் என்று கோபி பழக்கியிருந்தான். சிவசங்கரி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதாள்.

அவளுக்கு வேண்டியது ராத்திரி ஊரில் தங்கி, விடியற்காலை கிளம்பும் பஸ். டிப்போவில் கொடுக்கப் பார்த்ததோ மத்தியானம் வந்து மத்தியானமே திரும்பும் பஸ். மத்தியானத்தில் யார் எங்கே போவார்கள்?

இன்றைக்கு மத்தியானம் வந்தது அதற்கான சோதனை ஓட்டம். மேளம், வெடி, விசில் எல்லாவற்றுக்கும் நடுவில் பஸ் வந்து நின்றது. டிப்போ சூப்பர்வைசர் ரங்கையா இறங்கினார்; பாதி தெலுங்கு, பாதி தமிழ் பேசுகிறவர். கழுத்தில் மாலை விழுந்தது, கைக்கு இளநீர் வந்தது. மரியாதை எல்லாம் முடிந்ததும் பஸ் கதவைத் திறந்துவைத்து, "எக்கண்டி, ஏறுங்க" என்று கூப்பிட்டார். ஒருத்தர்கூட ஏறவில்லை.

"பேசஞ்சர்லே லேரு, ஆளே இல்ல. உங்களுக்கு பஸ்ஸு எதுக்கம்மா?" என்றார் சிவசங்கரியிடம். மனு கொடுத்துக் கொடுத்து அவருக்கு அவள் முகம் பழக்கம்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு விட்டுப் பாருங்க சார். அப்ப தெரியும்."

"நைட் ஹால்ட்டா? டிப்போல ஒப்புக்கோரம்மா. ரோட்டு பாகுந்தி, பேசஞ்சர் லேருன்னு ரிப்போர்ட் ராசேஸ்தானு. அந்தே."

டிப்போவில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம்; ரோடு நன்றாக இருக்கிறது, ஏறத்தான் ஆளில்லை என்று எழுதிவிடுவாராம். இத்தனை நாள் அலைந்தது இதற்குத்தானா? சிவசங்கரிக்கு ஆத்திரமாக வந்தது, கூடவே அழுகையும்.

அப்போதுதான் நாகையா முன்னால் வந்து குறுக்கே நின்றார். "கடல் காட்டாம வண்டிய அனுப்பறதா? இன்னா பேச்சு பேசறீங்கோ?"

வெள்ளைத்திட்டில் புதிதாக எது வந்தாலும் முதலில் கடலுக்குக் காட்ட வேண்டும். படகுக்கு ஆரம்பித்த வழக்கம், பைக், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வந்த கம்ப்யூட்டரைக்கூடத் தலையில் தூக்கிப்போய்க் காட்டிவிட்டுத்தான் ஸ்விட்ச் போட்டார்கள். பஸ்ஸை மட்டும் விடுவார்களா?

டிரைவர் தனசேகர் கடலே இல்லாத கங்காதர நெல்லூர்ப் பக்கத்து ஆள். மேட்டுப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். கடல் மணல் அவருக்குப் புதுசு. "காட்டிட்டுதான் போவமே சார், நானும் கடல் பாத்து நாளாச்சு" என்று குஷியாகிவிட்டார்.

வழி காட்டியது சிவசங்கரிதான். மனசு எங்கேயோ இருந்தாலும், விருந்துக்கு வந்த வண்டியை விரட்டியா அனுப்புவது? "இப்டி ஒடிங்கண்ணா. டிராக்டர் போவற தடந்தான், கெட்டியா இருக்கும்" என்றாள். டிராக்டரும் பஸ்ஸும் ஒன்றா? அலைக்கு எதிரே கம்பீரமாகப் போய் நின்ற பஸ், சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து முடிப்பதற்குள் அச்சு வரைக்கும் மணலில் உட்கார்ந்துவிட்டது.

ரங்கையா தலையில் கை வைத்தார். "ஐபோயிந்தி! நா உத்யோகம் ஐபோயிந்தி!"

அவர் வேலை மட்டுமா போச்சு என்று சிவசங்கரி பதறினாள். வரவிருந்த மத்தியான பஸ்ஸுக்கும் தானே உலை வைத்துவிட்டோமே! புருஷன் கையைப் பிடித்து உலுக்கினாள். "மாமா, எதனா பண்ணு."

கோபிகிருஷ்ணன் ஓடிப்போய்க் கரைவலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அதன் பிறகு நடந்த கூத்தை என்ன சொல்ல! பஸ்ஸின் பின்பக்கத்தில் இரண்டு கயிறு. ஒன்றில் ஆண்கள், ஒன்றில் பெண்கள். சக்கரத்துக்கு அடியில் பனந்துண்டு. நாகையா பாட்டெடுக்க, தனசேகர் ரிவர்ஸ் போட, ஊர் இழுத்தது. சக்கரம் வாரியடித்த மணலில் எல்லோரும் பிசாசு மாதிரி ஆனார்கள். பெண்கள் கயிறு பக்கம் பஸ் கொஞ்சம் முந்தியது. உடனே ஆண்களுக்கு ரோஷம் வந்தது. ரங்கையா கொஞ்ச நேரம் திட்டினார், கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசியில் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு பெண்கள் கயிற்றில் போய்ச் சேர்ந்தார். ஆண்கள் பக்கம் கூச்சல் போட்டது.

பஸ் தார் ரோட்டில் ஏறியபோது இருட்டிவிட்டது.

"இந்த ரோட்ல நா இருட்ல ஓட்டமாட்டேன் சார். ரெண்டு பக்கமும் தண்ணி, ஓரத்துல ஒரு கல்லு இல்ல" என்று தனசேகர் சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ரங்கையா டிப்போவுக்குப் போன் போட்டு என்னென்னவோ சொன்னார். பிறகு ஊரார் வைத்த இறால் குழம்பில் கோபமெல்லாம் கரைய, மூன்று தரம் சோறு வாங்கித் தின்றுவிட்டுப் படுத்தார்.

விடியற்காலை ஆரன் சத்தத்தில் எழுந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பஸ்ஸுக்குள் நிற்க இடமில்லை. ஸ்ரீசிட்டியில் வேலை செய்யும் பிள்ளைகள் ஞாயிறு சாயங்காலக் கடைசிப் படகில் திரும்பிப்போவது வழக்கம். நேற்று அத்தனை பேரும் கயிறு இழுத்துக்கொண்டிருந்ததில் படகை யார் நினைத்தார்கள்? படகோட்டியே கயிற்றில்தான் இருந்தான்! எல்லோரும் இப்போது கழுத்தில் ஐடி கார்டோடு, கையில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் எப்படி? படகில் உட்காருவது போல, குண்டானவர்கள் இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு என்று எடை பார்த்து.

"வீள்ளந்தா எக்கட உந்நாரு? இத்தினி நாள் எங்க இருந்தாங்க?" என்றார் ரங்கையா, யாரையும் பார்க்காமல்.

"ஹாஸ்டல்ல சார்" என்றாள் சிவசங்கரி. "வீட்ல இருந்து போய் வரணும்னுதான் கேட்டுக்கினே இருந்தோம்."

ரங்கையா ஒருமுறை பஸ்ஸை முழுக்கப் பார்த்தார். தனக்கே இடமில்லாமல் படியில் தொற்றிக்கொண்டார். "ஷிப்டு எப்ப முடியும்?"

"ஆறுக்கு சார்."

"கம்பெனி கேட் முன்னாடி பஸ்ஸு நிக்கும். நைட்டு இக்கடே, உங்க ஊர்லயே படுக்கும். டிப்போல நேனு மாட்டாடுதா, நா பேசறேன்." பிறகு விரலை ஆட்டினார். "கடல் மட்டும் மறுபடி காட்டக்கூடாது."

பஸ் குலுங்க ஒரு கூச்சல் எழுந்தது. வண்டி நகர்ந்தது. வெளியே ரக்ஷிதாவைத் தோளில் போட்டுக்கொண்டு கோபிகிருஷ்ணன் நின்றிருந்தான். சிவசங்கரி ஜன்னலில் பாதி உடம்பை நீட்டிக் கத்தினாள்.

"மாமா! ராத்திரிக்கு எனக்கும் சேத்து சோறாக்கு!"

"இன்னா?" என்றான் அவன், இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் விளங்காமல், பஸ்ஸோடு கூடவே ஓடிக்கொண்டு.

சிவசங்கரிக்கு இரண்டாம் தரம் சொல்ல வாய் வரவில்லை, அழுகை முந்திக்கொண்டது. பஸ்ஸே அவளுக்காகக் கத்தியது.

"சிவசங்கரிக்கும் சேத்து சோறாக்கணுமாம்!"